தங்கையின் முகத்துக்கு ஒரு லென்ஸ்

பெண் பார்க்க வந்த அந்த அம்மாள் கைப்பையிலிருந்து என் தங்கையின் போட்டோவை எடுத்து, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சேலைக்கு மேட்சாக ரவிக்கைத் துணி எடுக்கிறவர்கள் கடையில் செய்வார்களே, அதே மாதிரி. போட்டோவை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை. பிறகு என் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "இது யாருங்க?" என்று கேட்டார். தங்கை காபித் தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள். போகும்போது ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். போடவில்லை. எங்கள் வீட்டுக் கேசரிபாத்தை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுத்தான் போனார்கள், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அது அறுபதுகளின் தொடக்கம். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் இருந்தோம், அம்மா, நான், தங்கை. அப்பா மில்லில் வேலை பார்த்தவர், போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. இருட்டறையில் நின்று பிலிம் கழுவ வேண்டும். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று கத்தி, பட்டினி கிடந்து, அந்தச் சண்டையை ஒருவழியாக ஜெயித்திருந்தேன். தங்கை என்னைப்போல் இல்லை. அவளுக்குக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. அதை ஒளிக்கவும் மாட்டாள். "எனக்குன்னு ஒரு வூடு, புருஷன், புள்ளைங்க எல்லாம் வேணும்க்கா" என்பாள். அந்த அம்மாள் போன அன்று சாயங்காலம் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தடவ எவளாவது அந்த போட்டோவ என் மூஞ்சிக்குப் பக்கத்துல புடிச்சா, அதோட முடிஞ்சிது. அப்புறம் எவன் வந்தாலும் நான் வெளியே வரமாட்டேன். உன்னமாதிரியே இருந்துடுவேன்."

என்னைப்போல இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நான் கேட்டு வாங்கியது. அவள் கேட்காதது அவள் தலையில் விழக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம் வந்தது அன்றைக்குத்தான்.

கோளாறு அந்த போட்டோவில் இருந்தது. ஸ்டூடியோக்காரரையும் முழுக்கத் திட்ட முடியாது, அப்போது எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். கல்யாண போட்டோ என்றால் முகத்தில் பவுடரை அப்பி, இரண்டு பக்கமும் பெரிய விளக்குகளைப் போட்டு, "அசையாதம்மா" என்று எடுப்பார்கள். பிறகு நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தைக் கூர் சீவிய பென்சிலால் நிரப்புவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்துவிடும். பெண் சிவப்பு! என் தங்கை கறுப்பு. நானும் கறுப்பு. தரகரிடம் அம்மா "மாநிறம்" என்று இழுப்பாளே, அந்தக் கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. அவள் சிரித்தால் முகம் முழுக்க வெளிச்சம் ஓடும். அந்த போட்டோவில் சிரிப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, மூக்கு மட்டும்தான் எங்கள் குடும்பத்து மூக்கு.

"இனிமே நான் எடுக்கிறேன்" என்றேன். "இருக்கிறபடி எடுப்பேன். அதைப் பாத்துட்டு வர்றவன் வரட்டும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கறுப்பா எடுத்து அனுப்பினா எவன்டி வருவான்? வூட்டு வாசல்ல ஒரு காக்கா கூட உக்காராது."

"பொய்யப் பாத்துட்டு வந்தவன் என்ன தாலியா கட்டினான்? தின்னுட்டுத்தானே போனான்?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். அங்கே போயும் நிறுத்தவில்லை.

என்னிடம் ஒரு கேமரா இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. சின்ன பிலிம் போடுவது, கைக்கு அடக்கமானது. கண்ணை வைக்கிற அதன் ஜன்னலில் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் போகஸ் சரி என்று அர்த்தம். ஆனால் அதில் இருந்த லென்ஸ் மூன்றரை. லென்ஸில் போட்டிருக்கும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அதன் வாய் சிறிது, உள்ளே வரும் வெளிச்சமும் குறைவு. லால்பாக்கில் பூ எடுக்க மூன்றரை போதும். எங்கள் வீட்டுக்குப் போதாது.

எங்கள் வீட்டில் வெளிச்சம் என்று இருந்தது கூரையில் பதித்திருந்த ஒரே ஒரு கண்ணாடி ஓடுதான். முற்பகலில் அதன் வழியாக வெளிச்சம் மெத்தென்று இறங்கும். அதற்குக் கீழே தங்கையை உட்காரவைத்துப் பார்த்தேன், அவள் முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் ஊரில் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. ஆனால் மூன்றரையில் அந்த வெளிச்சத்துக்கு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அதுவரை இவள் அசையாமல் இருக்க வேண்டுமே! இவள் பேசாமல் இருந்தாலே ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற வீடு எங்களுடையது. சிரித்தால் படம் கலங்கியது. "ஆடாதடி" என்று அதட்டினால் பாஸ்போர்ட்டுக்கு நிற்கிறவள் மாதிரி விறைத்தாள். ஒரு ரோல் முழுக்கப் பாழ்.

பிளாஷ் போடலாமே என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போட்டேன். முகம் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி தட்டையாகி, நெற்றியும் மூக்கும் வெள்ளைத் திட்டாக வந்தன. பென்சிலே தேவையில்லை. வெளியே உட்காரவைத்து எடுக்கலாம் என்றால் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ண தெருவுல உக்கார வெச்சி படம் புடிப்பியா? சந்து பூரா வேடிக்க பாக்கும். மானம் போவும்டி." அதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல். சரி, வீட்டுக்குள்தான், கண்ணாடி ஓட்டுக்குக் கீழேதான், அவள் பேசும்போதுதான் என்று முடிவு செய்தேன். அப்படியானால் மாற்ற வேண்டியது லென்ஸை.

வெளிநாட்டு லென்ஸ் புதிதாக வாங்குவது அப்போது நடக்கிற காரியமா? ஊரைவிட்டுப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போனதுதான் கிடைக்கும். சிவாஜிநகரில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். கடிகாரம், ரேடியோ, பைனாகுலர், கேமரா எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரிக்குள் குப்பையாகக் கிடக்கும். லீவு நாளில் போய் நின்றேன். முகம் எடுக்க வேண்டும், வீட்டுக்குள் எடுக்க வேண்டும், என் கேமராவில் திருகி மாட்டுகிற ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும், பெரிய வாய் வேண்டும் என்றேன்.

"யார் எடுக்கப்போறதும்மா? அண்ணனா?" என்றார்.

"நான்தான்."

"அட, நீங்களா! அப்ப உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார். கேலியா மரியாதையா தெரியவில்லை. உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று லென்ஸ் எடுத்து வைத்தார். ஒன்று ஜெர்மன், எண் ஒன்றரை. பார்க்க ராஜா மாதிரி இருந்தது. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தேன், உள்ளே கண்ணாடியில் பூஞ்சை சிலந்தி வலை பின்னியிருந்தது. பெங்களூர் மழை யாரை விட்டது? அதை ஓரமாக வைத்தேன். இரண்டாவது ரஷ்யன், எண் இரண்டு. கண்ணாடி சுத்தம், வளையம் வெண்ணெய் மாதிரி திரும்பியது. மூன்றாவதும் ரஷ்யன், ஒன்றரை. கண்ணாடி சுத்தம்தான், ஆனால் உள்ளே கிரீஸ் இறுகிப்போய் வளையத்தைத் திருப்ப இரண்டு விரலுக்கும் வலித்தது.

"அந்த ரெண்டு நம்பர எடுத்துக்கோங்கம்மா" என்றார் பாய். "ஏ-ஒன் சாமான். இந்த ஒன்றரை ஷோக்குக்கு வாங்குறது. வாய் முழுசா தெறந்தா ஓரமெல்லாம் கொழகொழன்னு வரும். போகஸ் சொல்ப, ஒரு மயிரிழை தவறினாலும் போச்சு. எனக்கு விக்கணும்னா வெல ஜாஸ்தி உள்ளதத்தானே தள்ளுவேன்? நம்புங்க."

நம்பினேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் என் தங்கையின் கல்யாணம் அவர் நம்பிக்கையில் நடக்காது. "ரெண்டையும் மாட்டி இங்கியே எடுத்துப் பாக்கிறேன். கழுவிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். யோசித்தார். "எடுத்துக்கோங்க. ஆனா என்ன எடுக்கக் கூடாது" என்றார். அவரைத்தான் எடுத்தேன். கடையின் உள்மூலையில், அவர் ஒரு வாடிக்கைக்காரரோடு கையை ஆட்டி ஆட்டி ரேடியோ விலை பேசிக்கொண்டிருந்தபோது, முதலில் இரண்டில், பிறகு ஒன்றரையில்.

வீட்டுக் குளியலறைக் கதவை அடைத்துக் கழுவினேன். காய்ந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டில் எடுத்தது மூலைக்கு மூலை கணக்காக இருந்தது. அலமாரிக் கடிகாரத்தில் மணிகூடப் படிக்கலாம். ஆனால் பாயின் உதடு லேசாகக் கலங்கியிருந்தது, கை ஆவியாகப் போயிருந்தது. ஒன்றரையில் ஓரமெல்லாம் குழைந்துதான் கிடந்தது. ஆனால் பேசுகிற வாய் பேசுகிற வாயாகவே நின்றிருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியும் குப்பையும் கரைந்து வெறும் நிழலாகியிருந்தன. எனக்கு உடனே எங்கள் வீட்டுக் கொடிக்கயிறும் மண்ணெண்ணெய் டின்னும் ஞாபகம் வந்தன. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பானைகளை எண்ண வேண்டாம், அவள் முகத்தைப் பார்க்கட்டும். முகத்துக்கு ஓரம் எதற்கு?

மறுவாரம் போய் ஒன்றரையை வாங்கினேன். விலையைச் சொல்லமாட்டேன், அம்மாவிடமும் கடைசிவரை சொல்லவில்லை. பாய் உறையில் போட்டுக்கொண்டே, "பிடிவாதம் புடிச்ச அம்மா நீங்க" என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கண்ணாடி ஓட்டின் கீழே உட்காரவைத்தேன். டாக்டர் கேமராவோடு கொடுத்திருந்த வெளிச்சமானியை என் புறங்கைக்கு மேல் பிடித்து அளந்தேன். என் புறங்கையும் அவள் முகமும் ஒரே நிறம், அதைவிட நல்ல அளவுகோல் எனக்கு எங்கே கிடைக்கும்? அவள் பேசினாள், சிரித்தாள், தரகர் மூக்குப்பொடி போடுவதை நடித்துக் காட்டினாள். நான் எடுத்துக்கொண்டே போனேன். ஒன்றுகூடக் கலங்கியிருக்காது என்று தெரிந்தது. அன்று எனக்கு இருந்த கர்வத்தை இந்தச் சந்து தாங்காது.

பிரிண்ட் போட்டுப் பார்த்தபோது எல்லாப் படத்திலும் அவள் மூக்குத்தி ஜொலித்தது. கல்லின் பட்டைகளைக்கூட எண்ணலாம். கண் இரண்டும் மங்கல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கை படங்களைப் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "யக்கா, நீ எனக்கு மாப்ள தேடுறியா, இல்ல என் மூக்குத்திக்குத் தேடுறியா?"

எங்கே தவறினேன் என்று அப்புறம்தான் புரிந்தது. மங்கலான வெளிச்சத்தில் அந்த நடுக்கட்டத்துக்குள் எளிதாக அகப்படுவது எது? பளிச்சென்று மின்னும் ஒரு புள்ளி. மூக்குத்திக் கல் இரண்டாகத் தெரியும், திருகினால் ஒன்றாகும், என் கண் அதையே பிடித்துக்கொண்டது. இரண்டிலோ மூன்றரையிலோ அது பெரிய குற்றமில்லை, முன்னும் பின்னும் கொஞ்சம் தெளிவு மிச்சமிருக்கும். ஒன்றரையில் அந்த இரக்கம் கிடையாது. மூக்கிலிருந்து கண்ணுக்கு ஒரு விரல் அகலத் தூரம், அதற்குள் தெளிவு முடிந்துபோகிறது. மூக்குத்தி போடாத ஊரில் செய்த லென்ஸ். அதோடு வந்த காகிதத்தில் இதையெல்லாம் எவன் எழுதிவைப்பான்?

"மூக்குத்தியக் கழட்டிட்டு எடுக்கலாம்" என்றேன். அவ்வளவுதான், அம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "என்னாடி பேசுற நீ? கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு மூக்கு மூளியா போட்டோ அனுப்புவியா? பாக்கிறவங்க என்னா நெனைப்பாங்க?" தங்கையும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். "இருக்கிறபடி எடுக்கிறேன்னு சொன்னது நீதானே? நான் மூக்குத்தியோடதான் இருக்கேன்."

சரி, மூக்குத்தி இருக்கட்டும் என்றேன். ஆனால் விடுவதாக இல்லை. ஒரு வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும், பிலிம் போடாமல், அம்மாவையும் தங்கையையும் மாற்றி மாற்றி எதிரில் உட்காரவைத்துப் பழகினேன். அந்த இறுகிய வளையத்தைத் திருகித் திருகிக் கட்டைவிரல் தோல் உரிந்தது. பொழுது சாய்வதற்குள் கண்ணில் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கிறதா என்று தேடினேன். கிடைத்தது. கருவிழிமேல் கண்ணாடி ஓட்டின் பிம்பம் ஒரு சின்னச் சதுரமாக விழுந்திருந்தது. மூக்குத்தி அளவுக்கு மின்னாது, பொறுமையாகத் தேட வேண்டும். அந்தச் சதுரம் இரண்டாகத் தெரியும், ஒன்றாகும் வரை திருக வேண்டும். ஒன்றானதும் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி, அவள் அடுத்த மூச்சு விடுவதற்குள் அமுக்க வேண்டும். மூக்குத்தி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் போகவில்லை.

அப்படி எடுத்த படத்தில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்வதற்கு முன்பே தனக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நிறம் அவள் நிறம். கன்னத்தில் வெளிச்சம் கறுப்பின் மேல் ஓடுகிறது. கண்ணில் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நான் இப்படியாக்கா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்கே."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இதத்தான் அனுப்பணும். வேற எதுவும் அனுப்பக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து என்னைவிட அவள் பிடிவாதம் பெரிதாகிவிட்டது.

தரகர் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இருட்டுல எடுத்தமாதிரி கீதேம்மா. ஸ்டூடியோ படம் ஒண்ணு குடுங்களேன், சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். தங்கையே உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அட்ஜஸ்ட் பண்ணின பொண்ணு வேணும்னா ஸ்டூடியோவுலயே கட்டிக்கச் சொல்லுங்க." படம் போன இடங்களிலிருந்து திரும்பி வந்துகொண்டே இருந்தது. அம்மா ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், சில நாள் எனக்கே பயமாக இருந்தது. என் பிடிவாதத்துக்கு இவள் விலை கொடுக்கிறாளோ என்று தூக்கம் வராது.

கடைசியில் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லி அனுப்பியது. பையன் படமும் வந்தது. ஸ்டூடியோ படம். பால்கோவா மாதிரி வெள்ளை முகம், வரைந்துவைத்தது மாதிரி முடி. தங்கை பார்த்துவிட்டு, "இவ்வளவு சிவப்பானவரு என்னப் பாத்துட்டா வர்றேன்னாரு?" என்று சந்தேகப்பட்டாள்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, மாமா, மாப்பிள்ளை. வாசலில் குனிந்து உள்ளே நுழைந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்களைவிட ஒரு படி கறுப்பு. கன்னத்தில் அம்மைத் தழும்பு. மனுஷனுக்கு அது தெரிந்தே இருந்தது, உட்கார இடம் கொடுத்தும் நின்றுகொண்டிருந்தார். தங்கை தட்டோடு வந்தாள். அவர் அம்மா பையிலிருந்து நான் எடுத்த படத்தை வெளியே எடுத்தார். தங்கையின் கை தட்டில் இறுகுவதைப் பார்த்தேன். ஆனால் அந்த அம்மா படத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, "படத்துல இருக்கிறமாதிரியே கீதே பொண்ணு" என்று மகனிடம் சொன்னார்.

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். அலமாரியில் இருந்த அவருடைய ஸ்டூடியோ படத்தை எடுத்தாள். அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். பழி வாங்க அவளுக்கு உரிமை இருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. அவரிடமே நீட்டினாள்.

"இது நீங்க இல்லியே" என்றாள்.

"இல்லீங்க" என்றார் அவர். "ஸ்டூடியோவுல அப்படிப் பண்ணிட்டாங்க. எனக்கே வெக்கமாத்தான் இருந்துச்சி."

"அக்கா, கேமராவ எடு. இவர ஒண்ணு எடு. அதப் பாத்துட்டு நான் பதில் சொல்றேன்."

மாமா எழுந்துவிட்டார். "என்னாம்மா இது நியாயம்? பொண்ணு பாக்க வந்தா மாப்பிள்ளையப் படம் புடிப்பீங்களா?" என் அம்மா கையைப் பிசைந்தாள். மாப்பிள்ளை மாமாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்: "எங்கங்க உக்காரணும்?"

கண்ணாடி ஓட்டுக்குக் கீழே உட்காரவைத்தேன். தங்கை சமையல்கட்டு வாசலில், எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் கண்ணைப் பிடித்து, வளையத்தைத் திருகி, அமுக்கினேன். "இங்க பாருங்க" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் காபி குடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனார்கள்.

மறுநாள் பிரிண்ட் போட்டு அவள் கையில் கொடுத்தேன். தழும்பு தழும்பாகவே இருந்தது, நிறம் நிறமாகவே. கண் அவ்வளவு தெளிவு. கண்ணாடி ஓட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்னாக்கா, இவரு கேமராவையே பாக்கல?"

"ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"எங்கதான் பாக்குறாரு?"

"நீ எங்க நின்னுக்கினு இருந்தே?"

அவள் சமையல்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு படத்தை. காது நுனிவரை வெட்கம் ஏறியதை அந்தக் கறுப்பிலும் நான் பார்த்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடு" என்றாள். "அவங்கள வரச்சொல்லி."